ஒரு போத்தல் டீசலும் விதானையாரின் சட்டங்களும்

விதானையார் ஒரு சட்டம் சொன்னால் கையோடு காரணமும் வரும். "வட்டைக்குள்ள இனி மாடு வரப்படா. என்னத்துக்கெண்டா..." என்று அவர் தொடங்கிவிட்டால் கையில் இருக்கிற தேநீரை உடனே குடித்துவிடுவது நல்லது. மாடு, வேலி, வாய்க்கால், போன மாரியில் யாருடைய பசு யாருடைய கதிரைத் தின்றது, அந்தப் பசுவை முதலில் வாங்கியது யார் என்பது வரைக்கும் போய்த்தான் அந்தக் காரணம் முடியும். அதற்குள் தேநீர் பச்சைத்தண்ணீராகிவிடும்.

அவர் அந்த ஊரின் வட்டவிதானை. வயல்காரர்கள் கூடித் தெரிவுசெய்கிற பொறுப்பு அது. வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்வெளி முழுவதும். அதில் எப்போது உழவு, எப்போது விதைப்பு, எவன் வேலி அடைக்கவில்லை, எவன் வரம்பில் வக்கடையை, அந்த நீர் வாயை, இரகசியமாக வெட்டித் தண்ணீர் திருப்பினான் என்பதெல்லாம் விதானையாரின் கவலை. நான் அவருக்கு உறவுமில்லை, அந்த ஊருமில்லை. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து தோணியேறி, மண்டூருக்கு அப்பால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த இங்கிலீஷ் ரீச்சர்.

அந்த வருடங்களில் வாவியைக் கடப்பது இரண்டு அரசாங்கத்தைக் கடப்பது மாதிரி. இந்தத் துறையில் ஆமி, அந்தத் துறையில் இயக்கப் பெடியன்கள். நேற்றுவரை கொண்டுபோக விட்ட மெழுகுதிரியை இன்றைக்குப் பறித்து வைப்பார்கள். நாளைக்கு மெழுகுதிரி போகலாம், டோர்ச் பற்றரி போகாது. ஏன் என்று கேட்டால் இங்கே "ஓடர்", அங்கே "மேலிடம்". இரண்டு பக்கமும் இப்படி வாயடைத்துப்போன எனக்கு, ஒரு மாட்டைத் தடுப்பதற்கு இவ்வளவு நேரம் காரணம் சொல்லுகிற மனிதரைப் பிடித்துப்போனதில் என்ன அதிசயம்? எரிச்சலும் வரும். ஆனால் பிடித்திருந்தது.

அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. கார் ஓட்டப் போட்டி.

இளவயதில் அரபு நாடொன்றில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். அங்கே தொழிலாளர் முகாமில் இருந்த ரீவியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த பழக்கம். "காருக்கு மட்காட் இல்ல ரீச்சர். நாலு சில்லும் வெளியால நிக்கும். ஆள் படுத்துக்கொண்டுதான் ஓட்டுவான்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவார். வென்றவனுடைய பேர் அவருக்கு ஞாபகமிருக்காது. அந்த வருடம் என்ன சட்டம் மாறியது, அதனால் யாருடைய எஞ்சின் எங்கே நின்றது என்பது மட்டும் மந்திரம் மாதிரி மனப்பாடம்.

அடிக்கடி சொன்ன கதை ஒன்று. ஒரு காலத்தில் அந்தக் கார்களின் எஞ்சின்கள் பேய்மாதிரிப் பெற்றோல் குடித்தனவாம். அதற்கு மூக்கணாங்கயிறு போட, ஒரு போட்டிக்கு இவ்வளவு பெற்றோல்தான், இடையில் ஊற்றவும் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு என்ன? பழக்க ஓட்டத்தில் பறந்த கார்கள் போட்டியன்று பெற்றோலை மிச்சம் பிடித்து ஊர்ந்தன. முன்னுக்கு வந்த ஒருவனுடைய கார் கொடி தெரிகிற தூரத்தில் வறண்டு நின்றது. அவன் இறங்கித் தள்ளினானாம்.

"தள்ளுறான் ரீச்சர்! அவ்வளவு பெரிய ஓட்டக்காரன், எங்கட ஊரில தட்டிவான் தள்ளுற மாதிரித் தள்ளுறான். கேம்ப்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல. சட்டம் போட்டவன் இதப் பாத்துக்கொண்டு இரிக்கானா எண்டுதான் நான் யோசிச்சன்."

லண்டனில் இருந்த அவருடைய தமக்கையின் மகன் எப்போதாவது கார்ப் போட்டிச் சஞ்சிகைகளை அனுப்புவான். அவை என் வீட்டு விலாசத்துக்கு வரும், நான் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு கொண்டுபோவேன். துறையில் ஆமிக்காரன் பக்கம் பக்கமாகப் புரட்டுவான். ஒருதரம் நடுப்பக்கப் படத்தைத் தனக்கென்று கிழித்து எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தந்தான். வாசித்து விளங்கப்படுத்துவது என் வேலை. எனக்குக் காரில் ஏறினாலே தலைசுற்றும். பாரதூரமான விஷயம்போல் அவர் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பதற்காகவே வாசித்தேன்.

போட்டியின் நடுவில் பெற்றோல் ஊற்றலாம் என்று பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி அனுமதித்துவிட்டார்கள் என்ற செய்தியை வாசித்த அன்று மனிதர் எழும்பி நின்றுவிட்டார்.

"அப்ப குறைய ஊத்திக்கொண்டு ஓடினா கார் பாரமில்ல, ஓடும். ஆனா இடையில நிக்கோணும். நிறைய ஊத்தினா நிக்கத் தேவையில்ல, ஆனா பாரம். ரீச்சர், இனி ஓட்டுறவன விட எப்ப நிப்பாட்டுறது எண்டு சொல்றவனுக்குத்தான் மூளை வேணும்!"

அந்த வருடமே அந்த ஊரிலும் அந்தச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஊரில் ஏது கார்? லேண்ட்மாஸ்டர்தான். இரண்டு சில்லு, ஒரு எஞ்சின், இரண்டு நீளக் கைபிடி. வயலில் அதுதான் கலப்பை, பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதுதான் வண்டி, ஆஸ்பத்திரிக்கும் அதுதான். சிறுபோகம் அறுத்து வயல் காய்ந்து கிடக்கிற ஆவணி மாதத்தில் இளந்தாரிகள் அதில் ஓட்டப் போட்டி வைப்பது வழக்கம். முதலில் சட்டமென்று ஒன்றும் இல்லை. முறுக்குகிற அளவுக்கு முறுக்குவார்கள். ஒன்று வாய்க்காலுக்குள் கவிழும், ஒன்று தண்ணீர் கொதித்து நீராவி விடும். விதானையாரின் நெஞ்சு கொதித்தது அந்த எஞ்சின்களுக்காகத்தான். ஒரு மெசின் செத்தால் ஒரு குடும்பத்தின் மாரி வேளாண்மை செத்தது. உதிரிப்பாகம் வாவியைத் தாண்டி வருவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதிக்காகக் கால்தேய நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆகவே பெட்டியின் மேல் ஏறி நின்று சட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு சாராயப் போத்தல் டீசல். அரைப் போத்தல் தொடக்கத்தில், மற்ற அரைவாசி மருதமரத்தடியில் இருக்கும், விரும்பிய சுற்றில் நின்று ஊற்றலாம். மட்காட்டைக் கழற்ற வேண்டும். என்னத்துக்கெண்டா உலகத்தில் பெரிய போட்டி அப்படித்தான் நடக்கிறது. இந்தக் கடைசிக் காரணம் அவ்வளவு வலுவானதில்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது. மட்காட் இல்லாத சில்லு வாரியடித்த மண் வரம்பில் நின்றவர்களின் கண்ணிலும் வாயிலும் போய் விழுந்தது. பரிசு கொடுக்க வந்த, கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரின் வெள்ளைவேட்டி என்ன நிறமென்று கேட்க வேண்டியதாயிற்று.

போட்டி முடிந்ததும் விதானையார் மறுபடி பெட்டியில் ஏறினார். "மட்காட் சட்டம் பிழை. நான் ஆசையில போட்டது. எடுத்திட்டன்" என்றார். ஊர் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்போடு வேறென்னவோ வந்தது. சட்டம் போட்ட ஒருவர் அது பிழை என்று உரத்துச் சொல்வதை அந்த வருடங்களில் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஹெலிக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எல்லா மெசினும் மரங்களுக்குள் போய் நிற்க வேண்டும், போன பிறகு முன்பிருந்த வரிசையிலேயே மறுபடி தொடங்க வேண்டும். என்னத்துக்கெண்டா மேலே இருக்கிறவனுக்குப் புழுதி மட்டும்தான் தெரியும், புழுதிக்குள் இருப்பது விளையாட்டா வேறேதுமா என்று தெரியாது. ஒருதரம் அப்படியே வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு மரத்தடிக்குள் பாய்ந்து பதுங்கி நிற்க, சாந்தன் என்கிற இளந்தாரி நேரே மருதமரத்தடிக்குப் போய்த் தன்னுடைய மிச்ச அரைப் போத்தலை ஆறுதலாக ஊற்றிக்கொண்டான். மற்றவர்கள் பிறகு நின்று ஊற்ற, அவன் நிற்காமல் ஓடி வென்றான்.

"உசிர் போற நேரத்திலயும் உனக்கு டீசலாடா?" என்று ஒருவர் பாய்ந்தார்.

"ஹெலி வந்தா நிக்கோணும் எண்டுதான் சட்டம். ஊத்தப்படா எண்டு எங்க கிடக்கு?" என்றான் சாந்தன்.

எல்லோரும் விதானையாரைப் பார்த்தார்கள். அவர் தாடையைத் தடவினார். "அவன் வெண்டது வெண்டதுதான். ஓட்டை என்ட சட்டத்தில. வாற வருசம் அடைப்பன்." அடைத்தார். சாந்தன் வேறொன்றைத் தேடினான். இப்படி அவர்கள் இருவருக்கும் ஒரு தனிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சாந்தனின் தலை தெரிந்தாலே "வாறான் களவாணி" என்பார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

பிறகு டீசல் தட்டுப்பாடு முற்றிய வருடம் வந்தது. விதானையார் இடையில் ஊற்றுவதை நிறுத்தினார். தொடக்கத்தில் ஒரு போத்தல், அவ்வளவுதான். சுற்றையும் கூட்டினார். என்னத்துக்கெண்டா முறுக்கி ஓடுகிறவன் பாதியில் நிற்பான், பதமாக ஓட்டுகிறவன்தான் முடிப்பான், எஞ்சினும் தப்பும். பரிசு, விவசாயச் சங்கத்தில் மிச்சம் பிடித்திருந்த ஒரு கலன் டீசல், ஆறு போத்தல். கேட்க நல்ல சட்டமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

நவம் என்றொருவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், அதுவரை போட்டிப் பக்கமே வராதவர். அந்த ஒரு கலன் டீசல் கிடைத்தால் தன் வயலை உழுதுவிடலாம் என்று அந்தமுறை இறங்கினார். பதமாகத்தான் ஓட்டினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வறண்டு நிற்க, அவருடைய மெசின் மட்டும் பாரமில்லாத சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் திடீரென்று இரும்பை இரும்பு கடிக்கிற ஒரு சத்தம். சில்லு இரண்டும் அப்படியே இறுகி நின்றன.

விதானையார் ஓடிப்போய் எஞ்சினின் கீழ் ஆணியைக் கழற்றி, வழிந்த ஒயிலை விரலில் தொட்டு மணந்தார். முகம் கறுத்துவிட்டது.

"மண்ணெண்ணெய் கலந்தியா மனே?"

நவம் நிலத்தைப் பார்த்தார். "தடிச்ச ஒயில் எஞ்சின இழுக்கும். இளக்கி விட்டா லேசா ஓடும், டீசல் மிச்சமாகும் எண்டு நினைச்சன். ஒரு போத்தல்ல முடிக்கோணுமெண்டா நான் வேற என்ன செய்ற, விதானையார்?"

எஞ்சினைக் காப்பாற்றப் போட்ட சட்டம் ஒரு எஞ்சினைத் தின்றுவிட்டது. விதானையார் அந்தக் காய்ந்த வயலில் சம்மணமிட்டு இருந்துவிட்டார். சாந்தன்கூட அன்றைக்குப் பகிடி விடவில்லை.

மறுநாள் சங்கத்துக் கூட்டத்தில் எழும்பினார். "சட்டம் என்ட. உடைஞ்சது அவன்ட. நவத்துக்குச் சாமான் வந்து சேர்றதுக்குள்ள விதைப்பு முடிஞ்சிரும். என்ட மெசினக் குடுக்கன். முதல் அவன் உழட்டும். அவன் கூலிக்கு உழுறதா ஏத்துக்கொண்ட வயலையும் முடிக்கட்டும், என்னத்துக்கெண்டா அதுவும் போனா அவன்ட வீட்டில அடுப்பெரியாது. மறுகா என்ட வயல்."

அவருடைய மனைவியை ஊரில் எல்லோரும் மாமி என்போம். கதை குறைவு, பார்வை கூட. வீட்டு மூலையில் விதைநெல் மூட்டை இருந்தது. அதையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாம வருசத்துக்குத் திங்கிறது அந்த ஒரு வயல்தான். மறந்திராதீங்க" என்று மட்டும் சொன்னா.

எஞ்சின் சாமானை நான் பையில் ஒளித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "ரீச்சர், பிடிச்சா உங்கள விடமாட்டானுகள். வேணாம்" என்று முடித்துவிட்டார். அனுமதிக் கடிதம் அரசாங்கக் கச்சேரியில் எங்கேயோ படுத்திருந்தது.

அந்தமுறை மழை முந்திவிட்டது. நவம் கூலி உழவை முடித்து மெசினைக் கொண்டுவந்து விட்டபோது வட்டை முழுக்க விதைத்து, பச்சை ஊசி ஊசியாக முளை கிளம்பியிருந்தது. விதானையாரின் வயலோ உள்வட்டையில், எல்லாவற்றுக்கும் நடுவில். அதற்கு மெசின் போக வேண்டுமென்றால் நாலைந்து பேருடைய முளையை நசுக்கித்தான் போக வேண்டும். முளைத்த பயிருக்கு மேல் எந்த மெசினும் ஏறக்கூடாது என்பது அவர் விதானையாகிய முதல் வருடமே போட்ட சட்டம். அதை மீறியதற்காக வயல்காரர்களைச் சங்கத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்தவர் அவர்.

சாந்தனின் வயலும் அந்த வழியில்தான் இருந்தது. அவனும் மற்றவர்களும் வீட்டுக்கே வந்தார்கள். "எங்கட முளைதானே, நாங்க ஓம் எண்டு சொல்றம். ஏத்துங்க மெசின" என்றார்கள். நவம் வாசலுக்கு வெளியே நின்று, "நான் காலைப் பிடிச்சுக் கேக்கன்" என்றார்.

"ஏலா" என்றார் விதானையார். "நீங்க ஓம் எண்டு சொல்றது என்ட முகத்துக்கு. நாளைக்கு ஒரு பெரிய காணிக்காரப் போடியார் வந்து நிண்டாலும் அவர்ட முகத்துக்கு ஓம் எண்டுவீங்க. மறுகா முகமில்லாதவன்ட முளைக்கு மேலதான் எல்லாரும் ஏறுவான். இந்தச் சட்டத்துக்குக் காரணம் அப்பிடியே கிடக்கு. காரணம் மாறாம நான் எப்பிடி மாத்துற?"

அவர்கள் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப மாமி என்னத்தச் சமைக்கிற?" என்று கேட்டும்விட்டேன். அவருடைய பார்வை வீட்டு மூலையில் இருந்த நெல் மூட்டைக்குப் போய் வந்தது. அந்த மனிதரை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் போனபோது மூட்டையும் அந்த மூலையில் இல்லை. அரிசிக்குக் குத்திவிட்டார்கள் போல என்று நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை. மேல்வகுப்புக்காரருக்குப் பாடம் எடுக்கப் போயிருந்தேன். துறையிலிருந்து ஏறி நடக்கும்போதே உள்வட்டைப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தது. வரம்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக ஆண்கள், தோளில் மண்வெட்டி. ஒரு கால்கூட வரம்பைவிட்டு முளைக்குள் இறங்கவில்லை. முன்னால் போனவன் சாந்தன். நான் பாதையைவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

விதானையார் தன் வயல் வரம்பில் வழிமறித்து நின்றுகொண்டிருந்தார். "என்னடா இது?"

"மெசின் ஏறப்படா எண்டுதானே சட்டம்?" என்றான் சாந்தன். "ஆள் வரம்பால நடக்கப்படா எண்டு நீங்க போடல்ல. மண்வெட்டியால கொத்தப்படா எண்டும் போடல்ல. நாங்க நல்லா யோசிச்சுப் பாத்திட்டம். வேணுமெண்டா வாற வருசம் அடைங்க. இப்ப விலகுங்க."

விதானையார் வாயைத் திறந்தார். அவர் மனசுக்குள் சட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு வழிவிட்டு விலகினார். மழையில் நனைந்த மண், மண்வெட்டிக்கு இளகிக் கொடுத்தது. நவம் ஒருவரோடும் கதைக்காமல், நிமிராமல், இரண்டு ஆளின் வேலையைக் கொத்தினார். நான் அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. எடுப்பதற்கு வகுப்பில் ஒருவரும் இருக்கவில்லை, எல்லோரும் வயலில்தான்.

மண்ணைக் குழைத்துப் பலகையால் மட்டம் செய்து முடிக்கிற நேரம், மாமியும் நவத்தின் மனைவியும் தலையில் கடகத்தோடு வரம்பால் வந்தார்கள். கடகத்துக்குள் முளைநெல். மூட்டையை நவத்தின் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கட்டும்வரை புருசனுக்கு ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறா அந்த மனிசி.

"என்னிட்ட ஒரு சொல் சொல்லல்லையே" என்றார் விதானையார்.

"சொன்னா நீங்க இதுக்கும் ஒரு சட்டம் போடுவீங்க" என்று மாமி கடகத்தை அவர் கையில் வைத்தா. "விதைங்க. பொழுது போகுது."

வயலுக்குச் சொந்தக்காரன்தான் விதைக்க வேண்டும் என்று எல்லோரும் வரம்பில் ஏறி நின்றுகொண்டார்கள். அவர் சேற்றுக்குள் இறங்கி, ஒரு பிடி அள்ளி வீசினார். நல்ல விதைப்புக்காரன் வீசினால் நெல் விசிறி மாதிரி விரிந்து விழும். அவருக்கும் முதலில் அப்படித்தான் விழுந்தது. நடுவயலுக்குப் போனதும் கை நின்றது. தோள் குலுங்கியது. சாந்தன் மற்றப் பக்கம் திரும்பி நின்றான். பிறகு அவர் கண்ணைத் துடைக்காமலே, எங்கே விழுகிறது என்று பார்க்காமலே, பிடி பிடியாக அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

பயிர் வந்தது. ஊரிலேயே கடைசியாக வந்த பயிர். ஓரத்தில் சீராகவும் நடுவில் கொத்துக் கொத்தாகவும் வந்தது. அறுவடை வரைக்கும் அந்த வரம்பால் போன எல்லோருக்கும் விதானையார் எந்த இடத்தில் நின்று அழுதார் என்று தெரிந்தது.